வளைவில் இருந்த ஒன்பது பெஞ்சுகள்

மாநகராட்சியின் நடைபாதைப் பிரிவில் அவளைப் பெஞ்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் பொது இடங்களில் கிடக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பெஞ்சுகளையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தட்டி, ஆட்டி, உட்கார்ந்து பார்த்து எழுதி வைப்பது அவள் வேலை. "உக்காருறதுக்கே சம்பளம் வாங்குற ஒரே ஆளு" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். "நீங்க மின்விசிறிக்குக் கீழ உக்காருறீங்க, நான் வெயில்ல உக்காருறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள் அவளும்.

பதினோரு வருடத்தில் பெஞ்சுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். மருத்துவமனை வாசலில் கிடக்கும் பெஞ்சில் முன் பலகைதான் முதலில் தேயும். அங்கே யாரும் நிம்மதியாக உட்காருவதில்லை, நுனியில் தொற்றிக்கொண்டிருப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு ஓரமும் தேயும், நடு அப்படியே இருக்கும். கடற்கரையில் மட்டும் எல்லாரும் சாய்வார்கள். அங்கே முதலில் போவது முதுகுதான்.

துறைமுகத்தை ஒட்டிய கடல் மதிலின் மேல் ஒரு நடைபாதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் திறந்தது. அதில் கடலைப் பார்த்தபடி முப்பத்தாறு பெஞ்சுகள். சிமெண்ட் கால்கள், மரப்பலகை, பின்னால் இரும்புச் சட்டம் போட்ட சாய்மானம். பெஞ்சுகளின் முதுகுப் பக்கம் மதில் செங்குத்தாக இறங்கும். மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே, ஐஸ் லாரிகள் போய்வரும் துறைமுகச் சாலை. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் கைப்பிடிக் கம்பி இருந்தது. பெஞ்சு இருக்கும் இடத்தில் கம்பி கிடையாது. அங்கே சாய்மானம்தான் தடுப்பு. அந்தச் சாய்மானத்தைக் காலோடு பிடித்து வைத்திருப்பது நான்கே நான்கு போல்ட்டு. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அவற்றின் தலையைப் பளபளவென்ற வட்ட மூடியால் மறைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் முன் நின்று கட்டிய பொறியாளர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அலுவலகத்தில் அவரை 'சார்' என்பாள், வீட்டில் 'அத்தான்' என்பாள். அப்பா போன பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்ததும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் துறைமுகத்தில் படகுப் பந்தயம். காலையிலிருந்தே அவளும் பிரிவு வேனின் ஓட்டுநரும் நடைபாதையில் குப்பைத் தொட்டிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் ஒன்றரை இருக்கும். வேலை முடிந்து, மதில் வளையும் இடத்தில் இருந்த இருபத்திரண்டாம் நம்பர் பெஞ்சின் அருகில் குனிந்து தூரிகையைத் துடைத்தவள் அப்படியே நின்றாள்.

பெஞ்சின் காலில், மூடிக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. போன முறை வந்தபோது அது இல்லை.

ஸ்க்ரூ டிரைவரை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். மூடி கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து கறுத்த தண்ணீர் ஒரு கரண்டியளவு ஒழுகியது. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டிய போல்ட்டு, கழுத்துப் பக்கம் பென்சிலாக இளைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது.

"அண்ணே, இங்க வாங்க" என்றாள்.

ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், எதற்கும் சுலபமாக அசராதவர். "என்னம்மா இது, கரையான் தின்ன மாதிரி இருக்கு?"

"துருவே பிடிக்காத எஸ்எஸ் போல்ட்டு போட்டதா எழுதியிருக்காங்க. இது சாதாரண இரும்பு. மேல முலாம் பூசியிருக்கு, அவ்வளவுதான். உப்புத் தண்ணி மூடிக்குள்ள போய் வெளிய வர வழியில்லாம தேங்கி நின்னிருக்கு."

வளைவில்தான் அலை மோதிச் சிதறும். எந்நேரமும் அங்கே உப்புத் தூறல். பதினெட்டிலிருந்து இருபத்தாறு வரை ஒன்பது பெஞ்சுகளின் மூடிகளையும் அவள் கழற்றினாள். ஒன்பதும் அதே கதி. வளைவைத் தாண்டி இன்னும் பத்துப் பெஞ்சுகளைத் திறந்து பார்த்தாள். துரு பிடித்திருந்தது, ஆனால் உடம்பு இருந்தது. வருடா வருடம் பலகை மேல் மணல் மூட்டை அடுக்கிப் பாரம் பார்த்துத் 'தாங்குகிறது' என்று எழுதியது அவளே. பலகை தாங்கியது உண்மைதான். சாய்மானத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கச் சொல்லிப் படிவத்தில் இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

போனை எடுத்தாள்.

"சார்."

"என்ன, ஞாயித்துக்கிழமையும் சாரா? சொல்லு" என்றார் அத்தான். பின்னணியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா "யாருங்க?" என்று கேட்பதும் கேட்டது.

அவள் சொன்னாள். எப்படி ஆனது என்று கேட்க வேண்டிய மனிதர் கேட்கவில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எத்தனை?" என்றார்.

"வளைவுல ஒன்பதும். நாடா கட்டி மூடிடட்டுமா சார்? இன்னும் ரெண்டு மணி நேரத்துல கூட்டம் வந்துடும்."

"ஒண்ணும் கட்டாதே. விழா நாள்ல இடத்தை மூடுறதுன்னா என் கையெழுத்து வேணும், தெரியுமில்ல? நான் வர்றேன்."

அவர் வருவதற்குள் அவள் கட்டிவிட்டாள். சிவப்பு வெள்ளை நாடா, ஒன்பது பெஞ்சுக்கும் சேர்த்து ஒரே சுற்று.

இருபது நிமிடத்தில் அத்தான் வந்தார். விழாவுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாடாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார். திறந்து கிடந்த மூடிகளின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

"உக்காந்து பாத்தியா?" என்றார்.

"உக்கார வேண்டியதில்ல சார். டார்ச் அடிச்சுப் பாருங்க, போதும்."

"பெஞ்சு உக்காரத்தான்." அத்தான் இருபத்திரண்டாம் நம்பரின் நடுவில் போய் உட்கார்ந்தார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. இரண்டு கையையும் சாய்மானத்தின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "இந்தா. என்ன ஆச்சு?"

அவள் பெஞ்சின் பக்கவாட்டில் குந்தியிருந்தாள். அவர் சாயும்போது, சாய்மானத்தைக் காலோடு சேர்க்கும் இரும்புத் தகட்டுக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு விரிந்தது. அவர் முன்னால் வந்ததும் மூடிக்கொண்டது. மறுபடி விரிந்தது. நூலிழை அகலம்தான். அந்த நூலிழை வழியாகக் கீழே துறைமுகச் சாலையும், அதில் ஒரு லாரியின் தார்ப்பாயும் அவளுக்குத் தெரிந்தன.

கத்தினால் அவர் திடுக்கிட்டுப் பின்னால் அழுத்திவிடுவாரோ என்று பயந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தான். மெதுவா முன்னாடி வாங்க."

வேலை இடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் வாய் சிரித்தது. "நீ பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை வேண்டுமென்றே முதுகால் உந்திச் சாய்ந்தார்.

'டிக்' என்று ஒரு சத்தம். நாக்கைத் தட்டினாற்போல, அவ்வளவு சின்னதாக.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் எழுந்துவிட்டார்.

"பலகை சத்தம்" என்றார், கால்சட்டையைத் தட்டிவிட்டபடி. "வெயில்ல காஞ்சிருக்கு."

"அது பலகை இல்ல சார்."

"நாளைக்கு எழுதிக் குடு, பாக்கலாம். இன்னைக்கு ஊரே வருது, பெரிய ஆளுங்க எல்லாம் மேடையில உக்காந்திருப்பாங்க. வளைவை மூடினா ஏன் மூடினேன்னு அத்தனை பேரும் கேப்பாங்க. மூணு வருஷம் நின்னது இன்னும் மூணு மணி நேரம் நிக்காதா?" அவரே நாடாவைப் பிடித்து இழுத்து அறுத்தார், சுருட்டி அவள் கையில் வைத்தார். "உன் அக்காவையும் இங்கதான் வந்து உக்காரச் சொல்லியிருக்கேன். என் பொண்டாட்டியைக் கொண்டுபோய்க் குழியில தள்ளுவேனா நான்?"

விழா மேடை நடைபாதையின் மறுமுனையில் இருந்தது. அத்தான் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்தார்.

அவள் சுருட்டிய நாடாவோடு நின்றாள். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒன்பது பெஞ்சும் இன்று சாயங்காலம் வரைக்கும் நின்றுவிடலாம். அப்படி நின்றால், மேலதிகாரியின் பேச்சை மீறியவள் என்ற பெயர் மிஞ்சும். அக்கா வீட்டு வாசல் மூடிக்கொள்ளும். நிற்காவிட்டால்? கீழே சாலையோரத்திலும் இப்போதே ஆட்கள் நிழலுக்கு ஒதுங்க ஆரம்பித்திருந்தார்கள். மேலே இருந்து விழுகிறவர்கள் மட்டுமில்லை, அவர்களுக்குக் கீழே நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

"திரும்பக் கட்டலாமா?" என்றார் ஓட்டுநர்.

"கட்டினா அறுத்துடுவாங்க. அவரே அறுத்துட்டாரே, மத்தவங்க விடுவாங்களா? பலகையில ஆபத்துன்னு எழுதி வெச்சா அது மேலயே சாஞ்சுக்கிட்டு போட்டோ எடுப்பாங்க." அவள் பார்வை வேனின் பின்கதவில் போய் நின்றது. "அண்ணே, பெயிண்ட் எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணரை டின் இருக்கும்."

"பெயிண்ட் அடிக்க யார் கையெழுத்தாவது வேணுமா?"

ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு மீசைக்குள் சிரித்தார். "அது பராமரிப்பும்மா. நம்ம அன்றாட வேலை. ஆண்டவனே வந்தாலும் கேக்க முடியாது."

இருந்தது இரண்டு தூரிகை. அவள் பதினெட்டாம் நம்பரில் ஆரம்பித்தாள், ஓட்டுநர் இருபத்தாறில். நடுவில் சந்தித்துக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் தொட்டிகளுக்கு நிதானமாக அடித்தவர்கள், இப்போது வீட்டில் தீ பிடித்ததுபோல அடித்தார்கள். அழகு, சீர் எதையும் பார்க்கவில்லை. பலகை முழுக்க ஈரமாக, பளபளவென்று, தொட்டால் ஒட்டும்படி இருந்தால் போதும்.

மூன்று மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வாய் இருந்தது.

"ஏம்மா, வருஷம் பூரா தூங்கிட்டு இன்னைக்குத்தான் முழிச்சீங்களா?"

"பந்தயம் பாக்க வந்தவனைப் பச்சையாக்கி அனுப்பப் போறாங்கடோய்."

"ஆமாங்க, தெரியாம இன்னைக்குன்னு அடிச்சுட்டோம். தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தாள். ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்தார், திட்டிக்கொண்டே போனார். ஒருவரும் உட்காரவில்லை. ஆபத்து என்று சொன்னால் நம்பாதவர்கள் ஈரம் என்று சொன்னதும் நம்பினார்கள்.

இருபத்தொன்றை அவள் முடித்தபோது மணி நான்கு ஐந்து. துறைமுகத்தில் தொடக்க வெடி வெடித்தது. ஓட்டுநர் இருபத்துமூன்றில் கடைசிப் பலகையில் இருந்தார். மிச்சம் இருபத்திரண்டு. அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்காவோடு, அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் மூன்று பேர். நான்கு பேரும் நன்றாகச் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் இன்று பெண்கள் படகில் துடுப்பு போடுகிறாள். முடிவுக் கோடு வளைவுக்கு நேர் எதிரே.

"அக்கா, எந்திரி."

"வாடி. கையெல்லாம் என்ன இது?"

"எந்திரிக்கா. எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க. பெஞ்சு சரியில்ல. முதுகு கழண்டுக்கும்."

அக்காவின் முகம் மாறியது. "அவர் அப்பவே சொன்னார், நீ ஏதோ கிளப்பிவிட்டிருக்கேன்னு. அவரே உக்காந்து பாத்துட்டுத்தான் எனக்கு போன் பண்ணினார். உங்க ஆபீஸ் சண்டையை அங்கயே வெச்சுக்கோ. இங்க நாலு பேர் முன்னாடி வேண்டாம்."

"சண்டை இல்லக்கா. சத்தியமா சொல்றேன்."

"எந்திரிச்சா இந்த இடம் போயிடும். பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு. பிள்ளை வர்ற நேரம். போ அந்தப் பக்கம், மறைக்காதே."

அவள் பெஞ்சின் ஓரத்தில் மண்டியிட்டாள். தகட்டின் மேல் கையை வைத்தாள். நான்கு பேரும் மூச்சு விடும் அசைவுகூடக் கையில் தெரிந்தது. கரையோரத்துக் கூட்டம் திடீரென்று ஆர்ப்பரித்தது. கலங்கரை விளக்கைச் சுற்றி முதல் படகு தலை காட்டியிருந்தது. ஆசிரியைகளில் ஒருத்தி "அதோ, அதோ!" என்று கத்தி, சாய்மானத்தில் கையை ஊன்றிப் பலகை மேல் ஏறி நிற்கப் போனாள். தகடு பெஞ்சம்மாவின் விரலுக்கடியில் நகர்ந்தது. இந்த முறை நூலிழை இல்லை. விரல் நுனி உள்ளே போகும் அளவு.

பேசி ஆகாது என்று தெரிந்துவிட்டது.

"மன்னிச்சிடுக்கா" என்றாள். தூரிகையை டின்னில் முக்கி எடுத்தாள். சொட்டச் சொட்ட ஒரே வீச்சில் பலகையிலும், அக்காவின் தொடையிலும், அடுத்தவள் கைப்பையிலும் பச்சையை இழுத்துவிட்டாள். திரும்ப முக்கி இன்னொரு வீச்சு.

நான்கு பேரும் அலறிக்கொண்டு எழுந்து முன்னால் ஓடினார்கள். அவள் நிறுத்தவில்லை. காலியான பலகை முழுவதும், ஒரு விரற்கடை விடாமல் அடித்தாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" அக்கா கத்தினாள். "கல்யாணத்துக்கு எடுத்த சேலைடி இது! எல்லார் முன்னாடியும்... என்ன பண்ணேன் நான் உனக்கு?" தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே அழுதாள். தங்கை வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவர்களுக்குப் பின்னால் பெரும் கூச்சல் எழுந்து அடங்கியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். படகுகள் முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தன. பெண்கள் படகு இரண்டாவது. மகள் துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு கரையில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் விடிகாலையில் எழுப்பி, பயிற்சிக்குக் கூட்டிப் போய்க் காத்திருந்தவள் கடைசி நிமிடத்தைப் பார்க்கவில்லை.

அக்கா தங்கையின் தோளை விட்டுவிட்டு, பச்சை ஒட்டிய சேலையைச் சுருட்டிப் பிடித்தபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரோ மேடைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோபத்தில் காது வரை சிவந்திருந்தது. மனைவியின் சேலையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

"என் மானத்தை வாங்கணும்னே நிக்கிறியா? நகரு. இத்தனை பேர் பாக்க நானே உக்காந்து காட்டுறேன்" என்று முன்னால் வந்தவர், பச்சையாக மினுங்கிய பலகையைப் பார்த்து நின்றார். வெள்ளைச் சட்டை அவரையும் நிறுத்திவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவள் டார்ச்சை நீட்டினாள். "உக்கார வேண்டாம். மத்தியானத்துலேர்ந்து ஒரே ஒரு விஷயம்தான் கேக்குறேன். குனிஞ்சு பாருங்க அத்தான். ஒரே ஒரு தடவை."

அவர் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டார். பெயிண்ட் சொட்டிக் கிடந்த தரையில் முழங்காலை ஊன்றிக் குனிந்தார்.

கீழ்ப் போல்ட்டின் கழுத்தில், கறுத்த துருவுக்கு நடுவே, வெள்ளியாய் ஒரு கீற்று மின்னியது. துரு பிடிக்க அவகாசம் கிடைக்காத, புத்தம் புது வெடிப்பு. அது எப்போது விட்டிருக்கும் என்று ஒரு பொறியாளருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"மத்தியானம் அந்தச் சத்தம்..." என்றாள்.

"கேட்டுச்சு" என்றார். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "எஸ்எஸ் போல்ட்டு வர்றதுக்கு நாளாச்சு. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சுட்டாங்க. இப்போதைக்கு இதைப் போடு, ஆறு மாசத்துல மாத்திடலாம்னு நான்தான் சொன்னேன். யாருக்கும் சொல்லல. மூடியைப் போட்டு மூடினதும் எனக்கே மறந்துபோச்சு." டார்ச்சை அணைத்தார். "இல்ல. மறக்கல. இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் ஞாபகம் வரும். நீ போன் பண்ணினப்போ முதல்ல அதுதான் வந்தது."

"இப்போ எந்திரிங்க. கூட்டம் திரும்புற நேரம்."

அத்தான் எழுந்தார். முழங்கால் இரண்டும் பச்சை. வெள்ளைச் சட்டையின் கையிலும் பச்சை. அதைத் துடைக்கக்கூட இல்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார்.

"எல்லாரும் மதில் ஓரத்தை விட்டுத் தள்ளி வாங்க. இந்த வளைவு முழுக்க மூடியிருக்கு. நான்தான் இதைக் கட்டினவன், நான்தான் சொல்றேன். சாயாதீங்க, தொடாதீங்க." ஓட்டுநரைப் பார்த்து, "நீங்க வேனைக் கீழ ரோட்டுல கொண்டுபோய்க் குறுக்க நிறுத்துங்க. இந்த ஒன்பதுக்கும் கீழ ஒருத்தர் நிக்கக் கூடாது" என்றார்.

கடைசி ஆள் போகும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். விழா மேடையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தும் போகவில்லை.

மறுநாள் காலை கீழ்ச்சாலையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, ஆணையரின் ஆட்கள் நான்கு பேர் முன்னால் சோதனை நடந்தது. சாய்மானத்தில் பெல்ட்டைச் சுற்றி, எதிர்ப்புறம் கீழே இருந்து, கையால் இயக்கும் சங்கிலிக் கப்பியால் மெதுவாக இழுத்தார்கள். நடுவில் முள் உள்ள தராசு. முள் அவள் கண் எதிரே ஏறியது. சாய்மானம் தாங்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்த பாரம் எவ்வளவோ, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. கீழ்ப் போல்ட்டு முதலில் தெறித்தது. அடுத்த நொடியில் மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, பட்டன் அறுவதுபோலப் பட்பட்டென்று விட்டன. இருபத்திரண்டாம் நம்பரின் முதுகு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று ஆள் உயரம் கீழே போய்த் தார்ச்சாலையில் மோதியது. பலகைச் சிம்பு எதிர்ச்சுவர் வரை சிதறியது.

அத்தான் மதில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். நேற்று அந்தப் பலகையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அங்கே இருந்தவர்களில் அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஆணையரின் ஆளிடம் கொடுத்தார். ஞாயிறு இரவே எழுதி வைத்திருக்கிறார். யார் மேலும் பழி போடவில்லை. 'என் முடிவு' என்று ஒரே வரி.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. அவரைப் பதவி இறக்கி, ஊர்க்கோடியில் இருந்த தளவாடக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பெஞ்சம்மாவையும் விசாரித்தார்கள், மூன்று வருடம் பலகையை மட்டும் ஏன் சோதித்தாய் என்று கேட்டார்கள். "படிவத்துல இல்ல, எனக்கும் தோணல" என்று உள்ளதைச் சொன்னாள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படிவத்தில் 'சாய்மானம் பின்னோக்கி இழுத்துப் பார்க்கப்பட்டதா?' என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது.

அக்கா பேசவில்லை. போன் எடுக்கவில்லை. அக்கா மகள் மட்டும் அவ்வப்போது கூப்பிடுவாள். "சித்தி, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்பா சொல்லிட்டாரு. ஆனா உங்க பேரை எடுத்தா எந்திரிச்சு உள்ள போயிடுறாங்க." அவளுக்குப் புரிந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டுமானால், தன் வீட்டுக்காரர் தன்னை எங்கே உட்கார வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சுலபமா?

ஐந்தாவது மாதம் முப்பத்தாறு பெஞ்சுகளுக்கும் புது போல்ட்டு வந்தது. மூடி கிடையாது, தலை வெளியே தெரியும்படி. வேலை நடந்த முதல் நாள் காலை அவள் மதில் மேல் வந்தபோது, பழைய சட்டையோடு அத்தான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கையில் முறுக்கு அளக்கும் ஸ்பேனர்.

"இன்னைக்கு லீவு போட்டிருக்கேன்" என்றார். "நான் முறுக்குறேன். நீ சரிபாத்துக் கையெழுத்துப் போடு. உனக்கு ஆட்சேபம் இல்லன்னா."

அவள் யோசித்தாள். விதிப்படி அவர் இப்போது கிடங்கு ஆள். இந்த வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. முறுக்குகிற ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்க முறுக்கட்டும். நீங்க ரெண்டாவது தடவை பாருங்க. மூணாவது நான் பாக்குறேன்" என்றாள்.

"சரி" என்றார்.

நூற்று நாற்பத்து நான்கு போல்ட்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் குனிந்தார், ஸ்பேனர் சொடுக்கும் வரை அழுத்தினார், நம்பரைச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவள் மறுபடி பார்த்த பிறகே எழுதினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. எழுபத்து மூன்றாவதில் சொடுக்கு வரவில்லை. இருவருமே ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே வாஷர் கோணலாக இருந்தது. மாற்றிப் போடச் சொன்னார்கள்.

மதியம் வெயில் உச்சியில் இருக்கும்போது வளைவின் பக்கத்திலிருந்து அக்கா வந்தாள். கையில் ஃபிளாஸ்க்கும் டிபன் பையும். தங்கை அங்கே இருப்பாள் என்று அத்தான் சொல்லியிருந்தாரா இல்லையா தெரியவில்லை. வந்தவள் ஒரு நொடி நின்றாள். பிறகு புதிதாக முறுக்கிய பெஞ்சின் நுனியில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து, மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்து டீ ஊற்றினாள்.

ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். முகத்தைக் கடல் பக்கமே வைத்திருந்தாள்.

"ஆறிடும், குடி" என்றாள்.

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டாள்.